சட்டையைக் கழற்றிப் பார்த்தீர்களா?

வாசகர் கேள்விகள் – மருத்துவர் பதில்கள்

கேஷுவால்டியிலும் மத்தியச் சிறையிலும் வேலை பார்த்த அரசு மருத்துவரிடம் என்ன கேட்க விரும்புகிறீர்கள் என்று சென்ற இதழில் ஆசிரியர் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தார். ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் படித்தேன், இடம் இருக்கிற அளவுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். நோயாளிகளை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதால் வயதையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

கேஷுவால்டியில் இருந்த நீங்கள் சிறைக்கு ஏன் போனீர்கள்? விரும்பிப் போனதா?
– கல்லூரி மாணவி, நாமக்கல்

விரும்பிப் போகவில்லை அம்மா. டெல்டா மாவட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் 14 வருஷம் கேஷுவால்டி பார்த்த பிறகு, 2002-ல் மாற்றல் உத்தரவு வந்தது. மத்தியச் சிறை மருத்துவமனை. கூட இருந்த டாக்டர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து விசாரித்தார்கள். ஊரில் இருந்த என் அம்மா, "நீ என்ன தப்புப் பண்ணினே, உன்னை ஜெயிலுக்கு அனுப்புறாங்க?" என்று கேட்டு அழுதே விட்டார்.

முதல் நாள் பெரிய கதவில் இருக்கும் திட்டிவாசல் வழியாகக் குனிந்து உள்ளே போனேன். வாசலில் பேனாவைக்கூடக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே ஒரு நீள வராந்தா, ஒரு மேசை, மருந்தாளுநர் ஒருவர், வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த எண்பது பேர். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்று வலி, தூக்கம் வரவில்லை, சொறி, பல்வலி என்று தரையைப் பார்த்தே சொன்னார்கள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டுவிட்டுச் சீட்டு எழுதியிருக்கிறார்கள். எண்பது பேரை இரண்டு மணி நேரத்தில் வேறு எப்படிப் பார்ப்பது? அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்கு வேறொரு பழக்கம் இருந்தது. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, கையில் வெட்டுக்காயத்தோடு வந்த ஒருவருக்கு ஆறு தையல் போட்டுவிட்டு, நேர்த்தியாகப் போட்டோம் என்ற பெருமையோடு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் சர்ஜரி சீஃப் வந்தார். "சட்டையைக் கழற்றிப் பார்த்தியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். கழற்றினோம். முதுகில், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குத்து. ரத்தம்கூட அதிகம் இல்லை. நுரையீரல் சுருங்கிப் போயிருந்தது. நெஞ்சில் குழாய் வைத்த பிறகுதான் அந்த ஆள் ஒழுங்காக மூச்சு விட்டார். நான் தைத்த கை அவரைக் கொன்றிருக்காது. நான் பார்க்காத முதுகு கொன்றிருக்கும்.

சிறையில் முதல் நாளே, "ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வாங்க, சட்டையைக் கழட்டுங்க" என்றேன். அன்றைக்கு ஓ.பி. முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. மூன்று வருஷத்தில் திரும்பலாம் என்று சொன்னார்கள், ஒன்பது வருஷம் இருந்தேன். கடைசி ஐந்து வருஷம் நானே கேட்டு இருந்தது.

கைதிகள் வெளி ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக நெஞ்சுவலி என்று நடிப்பார்களாமே? எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?
– பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்

நடிப்பவர்கள் உண்டு. ஜி.எச். போனால் உறவுக்காரர்களைப் பார்க்கலாம், வெளிக்காற்றுப் படும், ஒரு டீ கிடைக்கும். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் "நடிக்கிறான்" என்பது பரிசோதனையின் கடைசியில் வர வேண்டிய வார்த்தை. சிறையில் அது முதலில் வந்துவிடுகிறது. வார்டர் சொல்வார், பக்கத்து அறைக்காரர் சொல்வார், நாமும் சொல்ல ஆரம்பித்துவிடுவோம்.

நான் சொன்ன ஒன்றை எழுதுகிறேன். 2004 கோடைக்காலம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தண்டனைக் கைதி. அடிக்கடி ஓ.பி.க்கு வருகிறவர் என்று பெயர் வாங்கியவர். கைதிகளை அறையில் பூட்டும் லாக்-அப் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து, "மேல் வயிறு எரியுது சார், வாந்தி வருது" என்றார். அன்று எனக்கு ஒரு கோர்ட் சாட்சி, காலையிலிருந்து சாப்பிடவில்லை. அல்சர் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை, நாடிகூடப் பிடிக்கவில்லை. விடியற்காலையில் ஆள் அனுப்பினார்கள். ரத்த அழுத்தம் 70. ஜி.எச்.சில் ஈ.சி.ஜி. எடுத்தபோது இதயத்தின் அடிப்பகுதியில் மாரடைப்பு. இதயத்தின் அந்தப் பக்கம் அடைத்தால் சிலருக்கு நெஞ்சு வலிக்காது, மேல் வயிறு எரியும், வாந்தி வரும். எல்லா மருத்துவ மாணவர்களுக்கும் தெரிந்த விஷயம்தான்.

அவர் பிழைத்தார். ஆனால் பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிற இதயத்தோடு பிழைத்தார். இரண்டு நாள் கழித்து அவருடைய அறையில் இருந்தவர் என்னிடம் சொன்னார்: "ராத்திரி பூரா வேர்த்துச்சு சார். சட்டையைக் கழட்டிப் பிழிஞ்சு கம்பியில காயப் போட்டாரு." என்னிடம் வந்தபோதே அந்தச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்திருக்கும். தொட்டிருந்தால் என் கை நனைந்திருக்கும். பதிவேட்டில் அன்றைய தேதியில் 'இரைப்பை அழற்சி' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. நான் அதை அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. அதன் கீழேயே நடந்ததை எழுதி மேலதிகாரிக்கும் தெரிவித்தேன்.

இன்னொரு வகை உண்டு, அதையும் நடிப்பு என்பார்கள். தினமும் குடிக்கிற ஒருவரைச் சாயங்காலம் கைது செய்கிறார்கள். மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, இரவு சிறைக்குக் கொண்டு வருகிறார்கள். கடைசியாகக் குடித்து ஒரு நாள் ஆகியிருக்கும், கை நடுங்கும். அந்த இரவிலோ மறுநாளோ வலிப்பு வரலாம். அதற்கு அடுத்த இரவுகளில்தான் பெரிய ஆபத்து. சுவரில் பூச்சி ஓடுகிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சல் அடிக்கும், கம்பியைப் பிடித்துக் கத்துவார். "பைத்தியம் மாதிரி ஆக்ட் குடுக்கிறான் சார்" என்று எனக்குப் போன் வரும். இது உயிரைக் குடிக்கிற நிலை. டயஸிபாம் வகை மருந்து, குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி, வெளிச்சமுள்ள அறை, பக்கத்தில் ஓர் ஆள். இவ்வளவுதான் வைத்தியம். அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வி: "கடைசியா எப்போ குடிச்சீங்க?" இரண்டு கையையும் நீட்டச் சொல்வேன். நடுங்கினால் அன்றிரவே மாத்திரை தொடங்கிவிடுவேன். மூன்றாம் இரவுப் போன்கள் பெருமளவு நின்றுபோயின.

கைது செய்தவரை ரிமாண்டுக்கு முன் டாக்டரிடம் கொண்டுவருவது வெறும் சடங்குதானே?
– சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, மதுரையிலிருந்து இதைக் கேட்கிறீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளம் தந்தை-மகன் காவல் மரணத்தைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது உங்கள் ஊரில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளைதான். அந்த இருவருக்கும் அரசு மருத்துவமனையில் உடல்தகுதிச் சான்று கொடுக்கப்பட்டது, ரிமாண்ட் ஆனது, கோவில்பட்டி கிளைச்சிறைக்குப் போனார்கள். ஜூன் 22 இரவு மகன், 23 காலை தந்தை. செய்தி வந்த அன்று நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரவு தூங்கவில்லை. அந்த மேசையில் நான் எத்தனை இரவு உட்கார்ந்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

சடங்காக்கினால் சடங்கு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காவல் மரணங்கள் பற்றிய டி.கே.பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கைதானவர் கேட்டால் உடம்பில் உள்ள சிறிய, பெரிய காயங்களை அப்போதே பதிய வேண்டும், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 54-ஆம் பிரிவு என்று நாங்கள் படித்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 53-ஆம் பிரிவு. அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தரப்பட வேண்டும். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலானதும் முதலில் கேட்க வேண்டிய காகிதம் அது.

கேஷுவால்டியில் நடைமுறை எப்படி இருக்கும்? இரவு 11 மணி. வெளியே ஜீப் ஓடிக்கொண்டே நிற்கும். "சார், சீக்கிரம், மாஜிஸ்திரேட் வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். உள்ளே ஒரு பக்கம் விபத்துக் கேஸ், ஒரு பக்கம் பூச்சிமருந்து குடித்தவர். கையெழுத்துப் போட அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தில்தான் தவறு நடக்கிறது.

நான் செய்தது இது. முதலில் போலீஸாரை, பார்வை படும், பேச்சுக் கேட்காத தூரத்தில் நிற்கச் சொல்வேன். பிறகு சட்டை, வேட்டி, பேன்ட் எல்லாம் கழற்றச் சொல்வேன். பச்சைத் திரைக்குள்தான், அவர் மானமும் முக்கியம். முதுகு, பிட்டம், தொடையின் பின்பக்கம், உள்ளங்கை, உள்ளங்கால். உள்ளங்காலைப் பார்க்காமல் விடவே கூடாது. செருப்புப் போட்டு நடந்து வந்தவரின் பாதம் வீங்கியிருப்பது வெளியே தெரியாது. லத்தி பட்ட இடத்தில் நடுவில் வெளிறி, இரண்டு பக்கமும் சிவந்த இணைகோடுகள் தெரியும். கீழே விழுந்தால் அப்படிக் கோடு விழாது. ரத்தக்கட்டு முதலில் சிவப்பு, பிறகு நீலம், பச்சை, மஞ்சள் என்று நாளாக ஆக மாறும். ஆழத்தில் இருக்கும் கட்டு முதல் நாள் தோலுக்கு வராது, அதனால்தான் இரண்டு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம், எந்தப் பக்கம் என்று எழுத வேண்டும். எப்படி வந்தது என்று அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும்.

சிறைக்கு மாறிய பிறகு அதே மேசையின் மறுபக்கம் எனக்குத் தெரிந்தது. 1894-ஆம் வருஷத்துச் சிறைச் சட்டம், 24-ஆம் பிரிவு: உள்ளே வருகிறவரைக் கூடிய சீக்கிரம் பரிசோதித்து, உடம்பில் இருக்கும் காயங்களையும் அடையாளங்களையும் பதிவு செய்ய வேண்டும். வெள்ளைக்காரன் தன் வசதிக்கு எழுதிய சட்டம்தான், ஆனாலும் அந்த ஒரு வரியை நான் மேசைக் கண்ணாடிக்குக் கீழே எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் இரவு, இருபது வயதுப் பையன், சுவரைப் பிடித்து நடந்து வந்தான். வழிக்காவல் போலீஸார் நீட்டிய சான்றிதழில் 'வெளிக்காயம் ஏதும் இல்லை' என்று இருந்தது. பாதம் இரண்டும் பலாச்சுளை மாதிரி வீங்கியிருந்தன. எழுதினேன். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வாருங்கள், பிறகு சேர்த்துக்கொள்கிறேன் என்று ஜி.எச்.சுக்குத் திருப்பி அனுப்பினேன். அதில் ஒருவர், "இதுக்கெல்லாம் திருப்பி அனுப்புனா நாங்க எப்படி சார் வேலை பாக்குறது?" என்றார். குதிகால் எலும்பில் விரிசல் இருந்தது. எட்டு மாதம் கழித்து அந்த ஒரு பக்கத்தைப் பற்றிக் கோர்ட்டில் என்னை ஒன்றரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார்கள். எழுதி வைத்திருந்ததால் நிற்க முடிந்தது. ஞாபகத்தை நம்பிப் போயிருந்தால் கால் மணி நேரம்கூட நின்றிருக்க மாட்டேன்.

கைதிகள் நடுவில் பயமாக இருந்ததில்லையா?
– இல்லத்தரசி, கரூர்

ஒன்பது வருஷத்தில் ஒரு கைதிகூட என் மேல் கை வைத்ததில்லை. கேஷுவால்டியில்தான் பயந்திருக்கிறேன். ஒரு திருவிழா நாளில் விபத்துக் கேஸ் ஒன்று உயிர் இல்லாமலே வந்தது. இறந்துவிட்டார் என்று சொன்னதும் ஐம்பது பேர் கூடிக் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் தலையில் மூன்று தையல் போட்டோம். 2008-ல் டாக்டர்களையும் ஆஸ்பத்திரியையும் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் அடி விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

எங்கள் பகுதியில் பூச்சிமருந்து குடித்து வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது போகிறார்கள். ஆஸ்பத்திரி வருவதற்குள் நாங்கள் என்ன செய்யலாம்?
– விவசாயி, பெரம்பலூர்

ஐயா, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கங்களை எழுத ஒப்புக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல், புளிக் கரைசல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போகும். விஷத்தில் தப்பி, நுரையீரல் அழற்சியில் இறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு, தாமதம். ஊர்ப் பெரியவர் வரட்டும், நாட்டு வைத்தியர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருந்து டப்பாவைக் கையோடு கொண்டுவாருங்கள், லேபிள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

இங்கேயும் சட்டையைக் கழற்றுங்கள். உண்மையாகச் சொல்கிறேன். மருந்து குடித்தவர் மேலெல்லாம் சிந்தியிருக்கும், வாந்தியும் பட்டிருக்கும். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். நாங்கள் உள்ளே மாற்று மருந்தான அட்ரோபின் ஏற்றிக்கொண்டிருப்போம், அவர் போட்டிருக்கும் சட்டை வெளியிலிருந்து விஷம் ஏற்றிக்கொண்டிருக்கும். உடுப்பை எடுத்துவிட்டு, சோப்புப் போட்டு உடம்பையும் தலைமுடியையும் கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையுறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த ராத்திரிகள் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கின்றன. வாயில் நுரை, பூண்டு மாதிரி ஒரு வாடை, கண்மணி ஊசிமுனை அளவு. அட்ரோபின் ஊசி போடப் போட, மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கொதிக்கிற சத்தம் குறைகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்போம். கிட்னி ட்ரே நிறைய உடைத்த ஆம்பியூல்கள். விடியும்போது நுரையீரல் காய்ந்து, கண்மணி விரிந்தால், அந்த நர்ஸ்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் எலி பேஸ்ட் சாப்பிட்டவர்கள் வேறு மாதிரி. முதல் நாள் சிரித்துப் பேசிக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார், வீட்டுக்குப் போறேன்" என்பார்கள். இரண்டு மூன்று நாளில் கல்லீரல் கெட்டுப்போகும். நன்றாகத்தானே இருக்கிறார் என்று அழைத்துப் போய்விடாதீர்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்க வேண்டியதில்லை. என் காலத்தில் தற்கொலை முயற்சி குற்றம். 'தெரியாமல் குடித்துவிட்டார்' என்று சொல்லி, எந்த மருந்து என்பதையே மறைத்துவிடுவார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், அப்படிச் செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவு இல்லை. உங்கள் ஊரில் யாராவது மனம் ஒடிந்து பேசினால் 104, அல்லது 14416, இரண்டில் ஒன்றுக்குப் பேச வையுங்கள். மருந்து டப்பாவைப் பரணிலும் கட்டிலடியிலும் வைக்காமல், பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். கோபம் பத்து நிமிஷத்தில் இறங்கிவிடும். அந்தப் பத்து நிமிஷத்தில் டப்பா கைக்கு எட்டக் கூடாது.

கொலைகாரனுக்கு நல்ல வைத்தியம் செய்தபோது மனசு உறுத்தவில்லையா?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

ஐயா, ஒரே இரவில் குத்தியவரும் குத்துப்பட்டவரும் என் கேஷுவால்டிக்கு வந்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அடித்ததில் குத்தியவருக்குத்தான் ரத்தம் அதிகம் போயிருந்தது. அவரைத்தான் முதலில் பார்த்தேன். குத்துப்பட்டவரின் அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். அவருடைய கோபம் நியாயமானது. அந்த நேரத்தில் என்னிடம் இருந்த கணக்கு ரத்தக் கணக்கு ஒன்றுதான்.

நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பு வராதவர்கள். தீர்ப்பு வந்தவர்களுக்கும் கோர்ட் கொடுத்தது வருஷக் கணக்கு மட்டும்தான், நோயையும் சேர்த்துக் கொடுக்கவில்லை. நீங்கள் பாடம் நடத்தியிருப்பீர்கள், சுப்பிரமணிய சிவா தொழுநோயோடு சிறையிலிருந்து வெளியே வந்தார். ரயிலில் ஏறவிடாமல் தடுத்தபோது ஊர் ஊராக நடந்தும் கட்டை வண்டியிலும் போனார். அவரைப் பார்த்த சிறை டாக்டர்கள் என்ன எழுதி வைத்தார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

சிறையில் நீங்கள் அதிகம் பார்த்த நோய் எது?
– மருந்தாளுநர் படிப்பு மாணவர், சேலம்

சொறி. சிரிக்க வேண்டாம், அதுதான் நிஜம். ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை. அறுபது பேர் ஒட்டிப் படுக்கிற பிளாக்கில் ஒரே நாளில் அறுபது பேருக்கும் போட வேண்டும். சூப்பிரண்டிடம் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமையை வாங்கினேன். எல்லாரையும் சட்டையில்லாமல் வரிசையாக நிறுத்தி, கழுத்திலிருந்து கால்வரை பென்சைல் பென்சோயேட் லோஷன். இன்னொரு பக்கம் பெரிய அண்டாக்களில் சட்டை, டவுசர், போர்வை எல்லாம் கொதித்தன. அன்றைக்குத் தீமூட்டி, துணி பிழிந்து, உலர்த்தியதெல்லாம் கைதிகளே. மறுவாரம் இரவில் சொறிகிற சத்தம் இல்லாமல் தூங்கினோம் என்று ஒரு பெரியவர் வந்து சொன்னார்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் 'சிறைக் காய்ச்சல்' என்றே ஒரு நோய்க்குப் பெயர் இருந்தது. டைபஸ். உடுப்பில் வாழும் பேன் பரப்புவது. இங்கிலாந்துச் சிறைகளை எல்லாம் நேரில் போய்ப் பார்த்து 1777-ல் எழுதிய ஜான் ஹோவர்ட், 1790-ல் அப்படிப்பட்ட ஒரு காய்ச்சலிலேயே இறந்ததாகச் சொல்வார்கள்.

சொறிக்கு அடுத்தது காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை, தனி அறை. கஷ்டம் அதில் இல்லை. ஆறு மாத மருந்தில் இரண்டாவது மாதம் ஜாமீன் கிடைத்துப் போய்விடுவார். திட்டிவாசலைத் தாண்டிவிட்டால் அவரை எங்கே தேடுவது? மருந்து அட்டையையும் அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கடிதத்தையும் கையில் கொடுத்து அனுப்புவேன். சிலர் போனார்கள். சிலர் மறுபடி வேறு வழக்கில், எலும்பும் தோலுமாக, என்னிடமே வந்தார்கள்.

அமெரிக்காவில் சிறை மருத்துவம் தனித் துறையாக இருக்கிறது. இந்தியாவில் ஏன் இல்லை?
– செவிலியர், டொரண்டோ

அங்கேயும் சும்மா வந்துவிடவில்லை அம்மா. டெக்சாஸ் சிறையில் 1973-ல் பஞ்சு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த காம்பிள் என்ற கைதி மேல் 600 பவுண்டு மூட்டை ஒன்று விழுந்தது. முதுகு வலிக்கு ஒழுங்கான வைத்தியம் கிடைக்கவில்லை என்று கையால் எழுதி வழக்குப் போட்டார். 1976-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே அலட்சியம் செய்வது அரசியல் சாசனம் தடுக்கிற கொடுமை என்று சொன்னது. டாக்டருக்கு எதிரான அவருடைய வழக்கு நிற்கவில்லை, அந்த வரி மட்டும் நின்றது. அவசர சிகிச்சை அங்கே தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது 1979-ல். நம் நாட்டில் அதற்கு எம்.டி. படிப்பு 2009-ல்தான் அங்கீகரிக்கப்பட்டது. சிறை மருத்துவத்துக்கு எனக்கு யாரும் ஒரு நாள் வகுப்புக்கூட எடுத்ததில்லை. சிறையில் இருப்பவருக்கு வெளியே இருப்பவருக்குக் கிடைக்கும் அதே தரத்தில் வைத்தியம் வேண்டும் என்று ஐ.நா.வின் மண்டேலா விதிகள் 2015-ல் சொல்லிவிட்டன. அதைப் படித்தபோது நான் சிறையிலிருந்து மாறி நான்கு வருஷம் ஆகியிருந்தது.

உங்கள் பக்கத்து ஆய்வு ஒன்று என்னை மிகவும் பாதித்தது. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 12.7 மடங்கு. பெரும்பாலும் போதை மருந்து. உள்ளே இருந்தபோது உடம்பு பழக்கத்தை மறந்திருக்கும், கை மறந்திருக்காது. அதைப் படித்த பிறகு, விடுதலையாகிறவர்களை அனுப்பும் முன் ஐந்து நிமிஷம் உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தேன்.

சிறையில் உண்ணாவிரதம் இருப்பவருக்குக் கட்டாயமாக உணவு ஏற்றியிருக்கிறீர்களா?
– வாசகர், தூத்துக்குடி

இல்லை. 1929-ல் லாகூர் சிறையில் விடுதலைப் போராட்ட வீரர் ஜதீன் தாஸ் 63 நாள் உண்ணாவிரதம் இருந்து செப்டம்பர் 13 அன்று இறந்தார். இடையில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வலுக்கட்டாயமாகப் பால் ஏற்றப் போய் நுரையீரல் கெட்டது. அதைச் செய்ததும் எங்கள் தொழில்காரர்கள்தான். புத்தி தெளிவோடு ஒருவர் மறுத்தால் குழாய் விடக் கூடாது என்கிறது உலக மருத்துவச் சங்கம் 1991-ல் மால்டாவில் வெளியிட்ட பிரகடனம். என்னிடம் இருந்தவர்கள் அதிகபட்சம் பதினொரு நாள். தினமும் இரண்டு வேளை போய் எடை, ரத்த அழுத்தம் பார்ப்பேன், தண்ணீரும் உப்பும் குடிக்கச் சொல்வேன், சூப்பிரண்டு இல்லாதபோது தனியாகப் பேசுவேன். முடிக்கும்போது ஆர்வத்தில் பிரியாணி கொடுத்துவிடாதீர்கள் என்று சமையல்கட்டுக்குப் போய்ச் சொல்வேன். நாள்பட்டுப் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீர்ச் சோறு இதயத்தையே நிறுத்திவிடும்.

என் மகனை வியாழக்கிழமை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். அவனுக்குச் சின்ன வயசிலிருந்து வலிப்பு. மாத்திரை வீட்டில் இருக்கிறது. மனு பார்க்க, அதாவது சிறையில் அவனைச் சந்திக்கப் போனால் மாத்திரையை வாங்க மாட்டேன் என்கிறார்கள். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

அம்மா, உங்கள் கடிதத்துக்கு ஆசிரியர் மூலமாக அன்றே போனில் சொல்லிவிட்டேன். உங்களைப் போல இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

வெளி மாத்திரையை வாயிலில் வாங்க மாட்டார்கள். சாப்பாட்டில் ஒளித்து அனுப்பாதீர்கள், அது மகனுக்கே கெடுதல். மாத்திரை வேண்டாம், காகிதம் வேண்டும். பழைய மருந்துச் சீட்டு, ஈ.ஈ.ஜி. அறிக்கை, எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தீர்களோ அந்த நோட்டு, எல்லாவற்றுக்கும் மூன்று நகல் எடுங்கள். ஒன்று, 'சிறை மருத்துவ அலுவலர்' என்று மேலே எழுதி, மனு அறையில் இருக்கும் அதிகாரியிடம் கொடுங்கள். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி அதோடு வையுங்கள். இன்னொன்றை வக்கீலிடம் கொடுத்து, மருத்துவ வசதி கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடச் சொல்லுங்கள். வக்கீல் இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், சட்ட உதவி மையம், காசு கிடையாது. மூன்றாவது நகல் உங்களிடம் இருக்கட்டும். கொடுத்த தேதியையும் வாங்கியவர் பதவியையும் அதன் பின்பக்கம் குறித்து வையுங்கள்.

வலிப்பு மாத்திரை இரண்டு நாள் நின்றால் தொடர் வலிப்பு வரலாம். அதனால் சனி, ஞாயிறு என்று பார்க்க வேண்டாம், திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே போங்கள். உள்ளே மகனைப் பார்க்கும்போது, டாக்டர் முன்னால் போனதும் முதல் வார்த்தையாக 'எனக்கு வலிப்பு உண்டு' என்று சொல்லச் சொல்லுங்கள். விழுந்தபோது நாக்கைக் கடித்த தழும்போ, அடுப்பில் பட்ட தழும்போ உடம்பில் இருந்தால், கேட்காவிட்டாலும் அதைக் காட்டச் சொல்லுங்கள்.